நான் நீக்கிய பத்தி

எனக்கு மேல் உட்காரப்போகும் ஆளுக்கு நானே தேர்வுத்தாள் தயாரிக்க வேண்டும் என்று குணாளன் அண்ணன் சொன்னபோது வயிறு எரிந்தது. சுங்கை பட்டாணியில் ஒரு கடைவீட்டு மாடியில் அவர் இந்தக் கம்பெனியைத் தொடங்கி மூன்று வருடம். சிறுதோட்டக்காரர்களுக்கு அடுத்த மாதம் எவ்வளவு ரப்பர் பால் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்கிறோம். முதல் நாளிலிருந்து அந்தக் கணிப்பைச் செய்தவள் நான். இப்போது முதலீட்டாளர்கள் தரவுப் பிரிவுக்கு அனுபவமுள்ள தலைவர் வேண்டும் என்கிறார்களாம். அந்த நாற்காலி எனக்கென்று நினைத்திருந்தேன்.

நாலு பேர் விண்ணப்பித்தார்கள். மூன்று பேரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. நாலாவது ஆள் மேனகா. அலோர் ஸ்டாரில் குடியேறிய யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பம், அப்பா அரசாங்க அதிகாரி, சிங்கப்பூரில் பன்னிரண்டு வருட வேலை. விண்ணப்பத்தில் ஒட்டிய படத்தில் அவள் சிரிப்புகூடச் சம்பளத்தோடு வந்தது போலிருந்தது. ரப்பர் மரத்தடியில் ஒரு கொசுக்கடியாவது வாங்கியிருப்பாளா? நான் பாலிங் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள்.

அதனால் ஒரு வேலை செய்தேன். பாலிங் பக்கம் பலர் பாலை அன்றன்றைக்கு விற்பதில்லை. மரத்தில் கட்டிய கோப்பையிலேயே உறையவிட்டு, கட்டிப்பாலாகச் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை விற்பார்கள். தேர்வுத்தாளில் கொடுத்த விற்பனைக் கணக்கு அட்டவணையில், யார் அப்படி விற்கிறார்கள் என்று காட்டும் பத்தியை நீக்கிவிட்டேன். விவரம் தெரியாதவருக்கு, மரம் பதின்மூன்று நாள் சும்மா நின்றுவிட்டு பதினாலாம் நாள் பாலைக் கொட்டியதாகத்தான் தோன்றும்.

மற்ற மூன்று பேரும் ஒழுங்காக ஏமாந்தார்கள். ஒருவர் மழையைக் காரணம் காட்டி அரை மணி நேரம் பேசினார்.

மேனகா நேர்காணலுக்கு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள்.

"நீங்க அனுப்புன கணக்கு எனக்கு விளங்கல. அதான் சனிக்கிழமை கார எடுத்துட்டு பாலிங் போயிட்டேன். பால் வாங்குற கடையில ஒரு அக்கா கட்டிப்பால கையிலயே குடுத்தாங்க. நாத்தம் இன்னும் போகல. விக்கிற நாள, பால் எடுத்த நாள்னு நெனச்சா எல்லாமே தப்பாயிடும்."

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை. அவள் சொன்னது அத்தனையும் சரி, அதனால் இன்னும் பிடிக்கவில்லை.

அவள் போனதும் அண்ணன் கேட்டார்.

"அந்தப் பத்திய நீ வேணும்னுதான எடுத்த?"

"ஆமாண்ணே."

"நல்ல சோதனை லா. எறங்கிப் போய் கேக்குற ஆளு யாருன்னு அதுலயே தெரிஞ்சிடுச்சு. உண்மைய சொல்லட்டா? பத்தி இருந்திருந்தா நாலு பேரும் ஒரே மாதிரிதான் தெரிஞ்சிருப்பாங்க. யாரும் தனியா நிக்கலன்னா உன்னயே போட்டுடலாம்னு முதலீட்டாளருங்ககிட்ட பேசி வச்சிருந்தேன்."

நான் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது.

வேலைக் கடிதத்தை என்னையே அடிக்கச் சொன்னார். மூன்று வருடமாக என் பெயருக்குக் கீழே மனசுக்குள் எழுதிப் பார்த்த பதவியை, அவள் பெயருக்குக் கீழே பிழையில்லாமல் அடித்தேன்.