ஆனிக் காற்றை நம்பியவர்

வண்ணார்பேட்டை ஆற்றோரப் பூங்காவில் விடுதலையைத் தார்ப்பாயில் சுற்றி, கயிறு போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தார்கள். சிற்பத்தின் பெயர்தான் விடுதலை. பங்குனியில் கட்டியது, ஆனி பிறந்தும் அவிழ்த்தபாடில்லை. திறந்து வைக்க வேண்டிய சிறப்பு விருந்தினருக்கு ஒரு தடவை காய்ச்சல், ஒரு தடவை கட்சிக் கூட்டம். மூன்றாவதாகக் குறித்த நாள் கரிநாள் என்று எவனோ அவர் காதில் ஓதிவிட்டான். நல்ல காரியத்துக்கு நாள் பார்க்கலாம், வேண்டாம் என்று யார் சொன்னது, அதற்காக இப்படியா? காலையில் நடக்க வருகிறவர்கள் உள்ளே புறா இருக்கிறது என்றார்கள், அறுந்த சங்கிலி என்றார்கள். வெங்காய மூட்டை என்று சொன்னவரும் உண்டு.

உள்ளே இருந்தது ஒரு கை. ஆளை விட உயரமான வெண்கலக் கை. அதன் அடியில் ஒரு கயிறு விழுந்து கிடக்கும். கட்டுவதற்கு முன்னால் அதைப் பார்த்த நாலைந்து பேரில் சிவசண்முகமும் ஒருவர், ஏனென்றால் பூங்கா அவர் பொறுப்பு. பார்த்தார், விடுதலை என்றால் புறா எங்கே என்று தேடினார், ஒன்றும் விளங்கவில்லை, தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அவர் வம்புக்குப் போகாத மனிதர். வம்பு தேடி வந்தாலும், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று அதை உட்கார வைத்துவிடுவார். தை மாதம் ஓய்வு. அதுவரை ஒரு மெமோ கூட வாங்காமல் கரையேற வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே வேண்டுதல்.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் ஜாய்சி வந்து நின்றாள். கடற்கரைப் பெண், அந்தக் கையைச் செய்தவள்.

“சார், எங்க அப்பா இதப் பாக்கணும்னு சொல்லுதாவ. ஒரே ஒரு தடவ அவுத்துக் காட்டிட்டு, நானே திரும்பக் கட்டிருதேன்.”

“தேதி குறிச்சதும் முதல் வரிசையில உக்கார வைக்கேம்மா.”

“அதுவரைக்கும் அவியளுக்குக் கண்ணு இருக்காது சார்.”

கண்ணில் நீரழுத்தமாம். ஓரமெல்லாம் இருண்டு, நடுவில் ஒரு துவாரம் போலத்தான் பார்வை மிச்சம். அதுவும் எத்தனை நாளைக்கு என்று டாக்டரே சொல்லவில்லை. போனில் படம் காட்டினால் புகையாகத் தெரிகிறதாம். சிற்பம் படிக்கப் போகிறேன் என்று அவள் கிளம்பிய நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத மனிதர், இப்போது தானாகக் கேட்கிறார். இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது.  ஆனாலும் சிவசண்முகத்தின் வாய் பழகியதையே சொன்னது.

“மேல கேட்டுச் சொல்லுதேம்மா.”

கேட்டார். மேலதிகாரி திருஞானசம்பந்தம் போனிலேயே சீறினார். “விருந்தினர் கைப்படாம ஒரு முடிச்சு அவிழப்படாது வே. அவிழ்ந்தா உம்மதான் கேப்பேன்.”

ராத்திரிச் சாப்பாட்டில் மனைவி பிரம்மநாயகியிடம் இதைச் சொன்னார். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள். “சோத்துல உப்பு இருக்கா இல்லையான்னு சொல்லுதியளா, அதையும் மேல கேட்டுத்தான் சொல்லுவியளா?”

 வெளியே ஆனிக் காற்று ஜன்னலைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டபடி கையைக் கழுவும்போதுதான் அவருக்கு யோசனை வந்தது. அவர் அவிழ்த்தால்தானே குற்றம்? காற்று அவிழ்த்தால் யார் என்ன செய்ய முடியும்?

மறுநாள் சாயங்காலம் ஆள் இல்லாத நேரம் பார்த்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகப் பையத் தளர்த்தினார். பிறகு ஜாய்சிக்குப் போன் போட்டார். “காலையில அப்பாவக் கூட்டிட்டு வாங்க. காத்து பேயா அடிக்கி. தார்ப்பாய் பறந்தா நான் பொறுப்பில்ல.”

காலையில் பர்னபாஸ் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். மீன்பிடிக்க வள்ளத்தில் போய் வந்த கறுத்த உடம்பு, வெள்ளை வேட்டி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. தார்ப்பாய்க்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சிவசண்முகம் தூரத்தில் நின்று வேப்பமரத்தைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு இலை அசையவில்லை. பத்து நாளாகக் கூரைத் தகரத்தைப் பிடுங்கிய காற்று எங்கே போய்ப் படுத்ததோ. ஆற்றில் அலை கூட இல்லை. வெயில் ஏறியது. நடக்க வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தார்கள்.

 பெரியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தார்ப்பாயையே பார்த்தபடி இருந்தார். அதுதான் சிற்பம் என்று நினைத்துவிட்டாரோ என்று சிவசண்முகத்துக்குத் தோன்றியது. வெங்காய மூட்டையைப் பார்த்துவிட்டா இந்த மனிதர் ஊருக்குப் போவார்? அவருக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. ஐம்பத்தொன்பது வயதில், ஒரு முடிச்சை அவிழ்க்கக் காற்றுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறோமே.

விறுவிறுவென்று போனார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். தளர்த்தி வைத்த முடிச்சு உடனே வரவில்லை, சதி செய்தது. இரண்டு கையாலும் பிடித்து இன்னொரு இழுப்பு இழுத்தார். தார்ப்பாய் மொத்தமாகச் சரிந்து அவர் காலில் விழுந்தது.

பர்னபாஸ் எழுந்து வந்தார். ஒரு அடி பின்னால் போனார், மறுபடி முன்னால் வந்தார், தன் சின்னத் துவாரத்துக்குள் அந்தப் பெரிய கையை விரல் விரலாகக் கொண்டுவந்தார். விரல்கள் முழுதாக விரியவில்லை. பிடித்திருந்ததை இப்போதுதான் விட்டது போலப் பாதி மடங்கி இருந்தன.

“இது என்னோட கையில்லா பிள்ள?” என்றார்.

“ஆமாப்பா.”

“நீ பஸ் ஏறுன அன்னைக்கு.”

“என் பையப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னு நின்னிய. பஸ் நகரவும் விட்டுட்டிய.”

“விட மனசில்ல பிள்ள.”

“தெரியும்ப்பா. விட்டியள்லா. அதான் செஞ்சேன்.”

பெரியவர் மகளின் தலையில் கை வைத்தார். இரண்டு பேருமே அழுதார்கள். சிவசண்முகம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். புறா எங்கே என்று தேடிய அவருக்கு இப்போதுதான் அந்தக் கை விளங்கியது. குனிந்து தன் கையைப் பார்த்தார். கயிறு இன்னும் அதில்தான் இருந்தது. கீழே போட்டார்.

அப்போதுதான் காற்று வந்தது, சண்டாளக் காற்று. வேப்பமரத்தை உலுக்கி, தார்ப்பாயைத் தூக்கிப் புல்வெளி முழுக்க உருட்டிக்கொண்டு போனது. நடக்க வந்தவர்களில் எவரோ படம் எடுத்து அதற்குள் அனுப்பியிருக்க வேண்டும், போன் அடித்தது. திருஞானசம்பந்தம்தான்.

“என்ன வே, தொறந்து கெடக்காம். காத்துதான தூக்கிட்டுப் போயிட்டு? அது இரையுதது இங்கன வரைக்கும் கேக்கே. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லும், நான் மேல பேசி முடிச்சிருதேன்.”

இரண்டு நாளாக மனப்பாடம் செய்து வைத்த பதில். நாக்கு நுனியில் நின்றது.

“காத்து இப்பதான் சார் வந்துது” என்றார் சிவசண்முகம். “அதுக்கு முந்தியே நான் அவுத்துட்டேன்.”