ஒழுங்கான குடித்தனக்காரர்

மரணத்துக்கு முன் எல்லாரும் சமம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவரும் ஆறு போர்ஷனை வாடகைக்கு விட்டவர் இல்லை.

குடித்தனக்காரர்கள் வீட்டு ஓனருக்கு வைத்த பெயர் சக்கரவர்த்தி. ஆறு போர்ஷன், ஒரு தண்ணீர் மோட்டார், மொட்டைமாடியில் ஒரு தொட்டி, சாம்ராஜ்யம் அவ்வளவுதான். இப்போது கூடத்துக் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். மகள் அவர் தாடையைத் தூக்கிப் பிடித்து, தலையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சு நிற்கவில்லை. விட்டவுடன் வாய் மறுபடி திறந்துகொண்டது, யாரோ பாக்கி வைத்திருப்பதுபோல.

தனிக்குடித்தனம் போயிருந்த அவள் அண்ணன் ஜன்னலோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா, இன்னிக்குக் காலைலதான். டாக்டர் கையைப் பிடிச்சிருக்கும்போதே போயிட்டார். அந்த நேரத்துலயும் என்ன கம்பீரம்ங்கறீங்க." போனை வைத்தவன் குரலையும் கீழே வைத்தான். "இங்க பாரு, பேங்குக்கு யாரும் மூச்சு விடக்கூடாது."

"எதைப் பத்தி?" என்றாள் தங்கை.

"அப்பா போனதை. கணக்கு அவர் பேர்லயே ஓடட்டும். வாடகை பாட்டுக்கு வந்து விழும். எந்த பேங்கு, யார் பேருன்னு ஆரம்பிச்சா ஆறு மாசம் அலையணும்."

"மேல் ரூம் வாடகை நிக்காம வரணும்" என்றாள் அண்ணி. "அது ஒண்ணுதானே சொன்ன தேதிக்கு வருது."

தங்கை முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

மேல் ரூமில் இருந்தவர் பல்செட் செய்கிறவர். தெருவில் பாதிப் பேருக்கு அவர் செய்த பல்தான் மெல்லுகிறது. வீடு வாசல், பிள்ளை குட்டி கிடையாது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை பத்து மணிக்குத் தன் கணக்கிலிருந்து வாடகை தானாகவே போய்ச் சேரும்படி வங்கியில் எழுதிக் கொடுத்திருந்தார். பிறகு ஒருநாள் வெளியூர் போன இடத்தில் செத்துப்போனார். வாடகை மட்டும் வந்துகொண்டே இருந்தது. இதோடு இரண்டு வருஷம்.

அதே இரண்டு வருஷமாகத்தான் மகளும் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து, நடையில் செருப்பு அலமாரிக்கும் மோட்டார் சுவிட்சுக்கும் நடுவில் பாய் போட்டுக்கொண்டிருந்தாள். விடிகாலையில் மோட்டார் போட வருகிறவர்கள் அவளைத் தாண்டித்தான் போவார்கள். மேல் ரூமை இரண்டு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"ஆள் இருக்கற ரூமை எப்படிம்மா திறக்கறது?" என்றார் அப்பா.

"அவர் செத்துட்டாருப்பா."

"வாடகை வருதே." அதற்கு மேல் வாதம் இல்லை என்பதுபோலச் செய்தித்தாளை உதறினார். "தண்ணி கேக்கறதில்ல, சுவத்துல ஆணி அடிக்கறதில்ல, சொந்தக்காரங்கன்னு பத்துப் பேர் வந்து தங்கறதில்ல. இந்த வீட்லயே ஒழுங்கான குடித்தனக்காரர் அவர் ஒருத்தர்தான்."

முதல் தேதி பத்து மணிக்குப் போன் 'டிங்' என்று ஒலித்ததும் ரசீதுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார். இறங்கி வரும்போது முகம் தெளிந்திருக்கும். மேல் ரூமிலிருந்து அரம் ராவுகிற சத்தம் சில நாள் மத்தியானத்தில் கேட்கிறது என்று கீழ்ப்போர்ஷன் தையல்காரி சொன்னபோது, "வேலைக்காரன் வேலை செய்வான்" என்றுவிட்டார்.

இன்றைக்கு முதல் தேதி.

அப்பாவின் போன் தலைமாட்டில் இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்காலிகளில் உட்கார்ந்து அவரவர் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது பேச்சு தானாக அடங்கியது. ஆறு போர்ஷனுக்கும் அந்த 'டிங்' தெரியும். அண்ணன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

பத்து ஆனது. போன் பேசவில்லை.

பத்தே கால். தையல்காரி மெல்லத் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தாள். அவள் பார்த்ததால் பக்கத்தில் இருந்தவரும் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கூடமே மேலே பார்த்துக்கொண்டிருந்தது. செத்தவர் ஒருவர்தான் அதற்கு முன்பிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா ஒரு நாள் தவறினதில்ல அக்கா" என்று தையல்காரி தங்கையின் காதில் சொன்னாள். "அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எது?"

"ஓனர் போயிட்டாருன்னு."

அண்ணனுக்கும் அது கேட்டுவிட்டது. போனை எடுத்தான், குலுக்கினான், சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. அவன் கழுத்தில் வியர்வை கோடு போட்டு இறங்கியது. மேலே ஏதோ நகர்வதுபோல ஒரு சின்னச் சத்தம். கம்பெனியில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிறவன், நாற்காலியைச் சத்தமில்லாமல் அந்த இடத்துக்குக் கீழிருந்து இழுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அந்த நேரத்தில்தான் வங்கிக்காரர் வந்தார். கையில் ஒரு பைல், முகத்தில் அளவான துக்கம். கட்டில் அருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன். வாடகைக்குத் தனிக் கணக்கு வேணும்னு நாலு தடவை வரச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் டீ குடுத்தார், கையெழுத்து மட்டும் போடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றான் அண்ணன்.

"வீட்லருந்து காலைலயே பேங்கு ஹெல்ப்லைனுக்குத் தகவல் சொன்னாங்களே. உடனே கணக்கை நிறுத்தி வெச்சுட்டோம். இனி எதுவும் உள்ள வராது, வெளிய போகாது. யாராவது அனுப்பினா அவங்களுக்கே திரும்பிடும்."

அண்ணன் கூடத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தான். தங்கை துணியின் முனையைப் பல்லால் இழுத்து முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மேல இருக்கறவர் பணம்..."

"திரும்பியிருக்கும். புதுக் கணக்கு எண்ணை அவர்கிட்டக் குடுத்துடுங்க. ஆள் எங்க, வேலைக்குப் போயிருக்காரா?"

"அவர் செத்து ரெண்டு வருஷமாச்சு சார்" என்றாள் தையல்காரி, கேட்டதற்குப் பதில் சொல்கிற நல்ல எண்ணத்தில்.

வங்கிக்காரர் பேனாவை மூடினார். "ரெண்டு வருஷமா? செத்தவர் கணக்குலருந்தா வாங்கிட்டிருந்தீங்க? காலி ரூமுக்கு? இதை நான் எழுதி மேல அனுப்பணுமே."

"காலியா?" என்றான் அண்ணன். நாற்பது பேரை மேய்க்கிற குரல் திரும்பி வந்தது. "யார் சொன்னது காலின்னு? என் தங்கச்சி இருக்கா. ரெண்டு வருஷமா அங்கதான் இருக்கா. அது எங்க சொந்த உபயோகம். பணம் ஏதோ தப்பா வந்திருக்கு, திருப்பிக் குடுத்துடுவோம். இல்லம்மா?"

அவன் அவளை 'அம்மா' என்று கூப்பிட்டுப் பதினைந்து வருஷம் இருக்கும்.

"ஆமா" என்றாள் தங்கை.

"அப்ப அஞ்சு போர்ஷன் வாடகை, ஒண்ணு சொந்த உபயோகம்." வங்கிக்காரர் படிவத்தில் எழுதினார். "வாடகைக்குன்னு தனிக் கணக்கு, ரெண்டு பேர் பேர்லயும். வீட்டுச் செலவுக் கணக்கோட கலக்க வேணாம், பின்னால சண்டை வராது. இங்க குடியிருக்கறவங்க முதல் பேரா இருந்தா எங்களுக்கும் சுலபம்."

அண்ணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணன் அவளைப் பார்த்த பார்வையில் வாய் மூடிக்கொண்டது. அப்பாவின் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி, பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று சத்தமாகச் சொன்னான்: "உன் ரூம் சாவியை இங்கயே வெச்சுட்டியேம்மா."

தங்கை மாடி ஏறினாள். பூட்டு வம்பு பண்ணாமல் திறந்தது. தரையில் தூசி இல்லை. மூன்று சுவரிலும் பலகை அடித்து, பிளாஸ்டர் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தன, தெருவே கூடி அவளைப் பார்த்து இளிப்பதுபோல. ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. வேலை மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டிருந்தது, வந்தவரோடு உட்கார்ந்து பேசுகிற வாக்கில்; அப்பாவின் பழைய தலையணை அதில் நசுங்கிக் கிடந்தது. சுவரில் ஒரு கம்பி. அதில் ரசீதுகள் ஒழுங்காகக் குத்தியிருந்தன. புரட்டினாள். போன மாதம், இந்த மாதம், அடுத்த மாதம். அப்பாவின் கையெழுத்தில், அடுத்த வருஷக் கடைசி வரைக்கும் எழுதி வைத்திருந்தது.

ஜன்னல் ஒன்று கொக்கி போடாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சாத்தினாள். நாற்காலியில் உட்காரலாம் என்று நினைத்தாள், பிறகு உட்காரவில்லை. அறையின் அகலத்தைக் காலடியால் அளந்தாள். பாய் தாராளமாக விரியும்.

கீழே கூப்பிட்டார்கள். வங்கிக்காரர் படிவத்தைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போடுகிற இடங்களில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்.

"இதோட ரெண்டு சீட்டு இணைக்கணும். டாக்டர் குடுத்தது ஒண்ணு, நீங்க தகவல் சொன்னதுக்கு எங்க பேங்கு குடுக்கறது ஒண்ணு. நேரம் மட்டும் சரியான்னு பார்த்துக்குங்க, மேல ரொம்ப நோண்டுவாங்க."

அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வங்கிக்காரரும் பார்த்தார். அவர் பார்வை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு குண்டூசி எடுத்துத் தந்தார்.

மரணத் தகவல் வங்கிக்கு வந்து சேர்ந்தது காலை ஆறு ஐம்பத்தைந்துக்கு. டாக்டர் சீட்டின்படி அப்பா இறந்தது ஏழு இருபதுக்கு.