காலையில் ஒன்று, மாலையில் ஒன்று

செத்துப்போன எராஸ்மோவின் காலில் ஷூ ஏறவில்லை. மாரித்சா நாடாவை முழுக்கக் கழற்றி, குதிகாலைப் பிடித்து அழுத்திப் பார்த்தாள். வீங்கிய கால் மசியவில்லை. உயிரோடு இருந்தபோதும் மனுஷன் இப்படித்தான், ஒன்றுக்கும் வளைந்து கொடுக்கமாட்டான்.

"விடுங்க மதினி, போர்வையால மூடிடலாம்" என்றாள் அவன் தங்கை தெல்வீனா.

வெளியே கரும்பு வெட்டும் ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது. ரத்தத்தில் தேங்கும் கழிவின் பெயரான கிரியாட்டினின்தான் சினாண்டேகா பக்கம் அந்த நோய்க்கும் பெயர். ஒவ்வொரு அறுவடைக்கு முன்னும் ஆலையில் ரத்தம் எடுப்பார்கள். அந்தக் கழிவின் அளவு கூடியிருந்தால் வேலை இல்லை. அதனால் அளவைக் குறைத்துக் காட்ட முந்தின நாள் முழுக்க இளநீராகக் குடித்துவிட்டுப் போவார்கள். எராஸ்மோ நாலு அறுவடை அப்படித்தான் தப்பினான், ஐந்தாவதில் அகப்பட்டான்.

அன்றிலிருந்து மாரித்சா அடுப்படியையே மாற்றினாள். உப்பை நிறுத்தினாள். பீன்ஸை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினாள். ஒரு டாக்டர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார், அடுத்தவர் அளந்து குடிக்கச் சொன்னார். யாரை நம்புவது என்று புரியாமல், தனக்குத் தெரிந்த ஒன்றை நம்பினாள். காலையில் ஓர் இளநீர், மாலையில் ஒன்று, அவளே சீவிக் கொடுத்தாள்.

"நேத்துகூட ரெண்டையும் மிச்சம் வைக்காம குடிச்சாரு தெல்வீனா. அப்புறம் எப்படிப் போனாரு?"

கட்டிலருகே நின்ற மகன் ஒஸ்மான் தரையைப் பார்த்தான்.

"அம்மா, இளநீர் கூடவே கூடாதுன்னு ஆஸ்பத்திரில நர்ஸ் போன மாசமே சொல்லிட்டாங்க. இந்த நிலைமையில அது நெஞ்சை நிறுத்திடுமாம்."

"யாருகிட்ட சொன்னாங்க?"

"அப்பாகிட்ட. நானும் கூட இருந்தேன். உங்கம்மாகிட்ட மூச்சு விடாதே, இத்தனை நாளா குடுத்திருக்கா, தெரிஞ்சா தாங்கமாட்டான்னாரு."

"அப்ப குடிச்சாரா, கொட்டினாரா?"

"நீ அந்தப் பக்கம் போனதும் வாழைக்கு ஊத்திடுவாரு. சில நாள் குடிச்சும் பாத்திருக்கேன். தாகம் தாங்கலடான்னாரு."

"நேத்து?"

"நேத்து நான் வயல்ல இருந்தேம்மா."

தெல்வீனா எழுந்து வெளியே போனாள். மாரித்சாவுக்கு யார்மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. நர்ஸ்மீதா, மகன்மீதா, கையைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறவன்மீதா? அவன் கொட்டியிருந்தால் ஒரு மாதமாகத் தன்னை ஏமாற்றியிருக்கிறான். குடித்திருந்தால் அவளே அவனைக் கொன்றிருக்கிறாள். ஏமாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

"அம்மா" என்றான் ஒஸ்மான். "அறுவடைக்கு நடுவுல எனக்கும் மறுபடி ரத்தம் எடுத்தாங்க. நேத்து சாயங்காலம் வேலை முடிஞ்சதும் கூப்பிட்டாங்க. கிரியாட்டினின் ஒண்ணு புள்ளி எட்டாம், கூடிப்போச்சாம். இனிமே வரவேண்டாம்னுட்டாங்க."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது. கழுத்தில், வெட்டுவதற்குமுன் எரிக்கிற கரும்பின் கரி இன்னும் போகவில்லை.

"நான் என்ன குடிக்கணும்மா?"

மாரித்சா எழுந்து பானையருகே போனாள். டம்ளர் நிறையத் தண்ணீர் மொண்டாள். பாதியைத் திரும்பப் பானையில் ஊற்றினாள். மறுபடியும் மொண்டாள். ஒஸ்மான் கையை நீட்டியபடி நின்றான்.