திருப்பிச் சொல்லு

சிலருக்குச் சாப்பிட்டது செரிக்க வேண்டுமென்றால் இன்னொருவரை அழ வைத்தாக வேண்டும். நாத்தனார் அந்த ரகம். குழந்தையின் அப்பாவுக்கு அக்கா. லீவுக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தாள்.

குழந்தைக்கு ஆறு வயது. காது நன்றாகவே கேட்கும்; கேட்டதுதான் மனத்தில் நிற்காது. செருப்பைக் கழற்று, கையைக் கழுவு, சாப்பிட வா என்று ஒரே மூச்சில் சொன்னால், செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே விழித்துக்கொண்டு நிற்பாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள், அவளும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும் என்றார்.

அம்மாவுக்கு அது பழகின விஷயம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. முடிவைப் போனில் வார்டுக்குச் சொன்னால், கேட்ட நர்ஸ் அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். அதுவரை சொன்னதாகவே கணக்கில்லை. அதையே வீட்டிலும் செய்தாள். மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதில் மூன்று வேலை வரை குழந்தைக்குப் பிடிபட்டது. அதைவிட, யார் கூப்பிட்டாலும் கட்டிலுக்கடியில் பதுங்குவது நின்றிருந்தது.

அன்று மதியம் நாத்தனார் ஏப்பம் விட்டுவிட்டுக் குழந்தையைக் கூப்பிட்டாள். உள்ளே போய்க் கண்ணாடி, சீப்பு, நீலத் துண்டு, விசிறி, கைப்பை எல்லாம் எடுத்து வரச் சொல்லி மடமடவென்று அடுக்கினாள். அடுக்கிவிட்டுத் தன் மகனைப் பார்த்துக் கண்ணடித்தாள். அதை அம்மா பார்த்துவிட்டாள்.

குழந்தை சொல்லிக்கொடுத்தபடியே, "கண்ணாடி, சீப்பு..." என்று ஆரம்பித்தாள்.

"கிளிப்பிள்ளை மாதிரி என்ன முணுமுணுப்பு? வாய மூடிட்டுப் போ."

அம்மா எழுந்தாள். விளையாட்டுக்குத்தானே என்று புருஷன் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

உள்ளே போன குழந்தை வெகுநேரம் கழித்து வந்தாள். முகமே தெரியவில்லை. தலையணை, கடிகாரம், செருப்பு, துண்டு, பவுடர் டப்பா என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்றை விட்டாலும் தப்பாகிவிடுமே என்ற பயம். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. பெற்ற அப்பனும் பல்லில் சிக்கியதை நாக்கால் துழாவிக்கொண்டே சிரித்தான்.

"இதுல எது அத்தை?" என்றாள் குழந்தை.

நாத்தனார் இரண்டு சொன்னாள். மூன்றாவதற்குத் திணறி, தனக்கே மறந்துபோச்சு என்றாள். அதற்கும் ஒரு சிரிப்பு. அவளுக்கு மறந்தால் வேடிக்கை, குழந்தைக்கு மறந்தால் மண்டையில் களிமண். என்ன ஜென்மங்களோ என்று அம்மாவுக்கு அருவருத்தது.

குழந்தையை அறைக்கு அழைத்துப் போனாள். தலையணையைக் கட்டிலில் வை என்று ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்வாள் என்று காத்திருந்தாள். குழந்தை உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பட்ட பாடெல்லாம் ஒரு நொடியில் பாழ். அம்மா விடுவிடுவென்று கூடத்துக்கு வந்தாள்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. இனிமே இந்தக் குழந்தைய வெச்சு விளையாட மாட்டேன்." புருஷன் பக்கம் திரும்பினாள். "நீங்களும்தான்."

நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புருஷன் அக்காவைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அம்மா நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

அறை வாசலிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது.

"இனிமே... இந்தக் குழந்தைய வெச்சு... விளையாட மாட்டேன்."

ஒரு வார்த்தை விட்டுப்போகவில்லை.