காய்ந்த பூட்ஸ்

ஆலையின் பின்கதவைத் தாண்டியதும் இடதுபக்கம் பூட்ஸ் குவியல். இரவு வேலைக்காரர்கள் கழற்றி எறிந்துவிட்டுப் போன ஈரம் அப்படியே இருந்தது. சூரை மீன் வாடை ரப்பருக்குள் ஊறிப்போய், எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் போவதில்லை. இடதுகால் கிடைத்தால் வலதுகால் கிடைக்காது. பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, அகப்பட்டதை இழுத்துக் காலில் மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

சலனியேத்தா மட்டும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து, ஒரு பூட்ஸுக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். சர்க்கரை வியாதி அவள் பாதங்களிலிருந்து உணர்ச்சியை எடுத்துப் பல வருஷமாகிறது. போன வருஷம் இடதுகாலில் இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். முந்தாநாள் பூட்ஸுக்குள் கிடந்த மீன் முள் ஒன்றின்மேல் அவள் வேலை முடியும்வரை நின்றிருக்கிறாள். வீட்டுப் பாயில் சிவப்புத் தடத்தைப் பார்த்த பிறகுதான் அது தெரிந்தது.

மறுநாள் கிளினிக்கில் புண்ணைக் கழுவிக் கட்டிய நர்ஸ் கோபப்படவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். "இன்னொரு புண் வந்தா விரலோட நிக்காது சலா. பாதமே போயிடும். உன் காலுக்கு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. கையும் கண்ணும்தான் அதுக்காகச் சொல்லணும். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடியில பாரு. எதுக்குள்ள காலை விட்டாலும் முதல்ல உதறு, தடவு. ஈரமான பூட்ஸைத் தொடவே தொடாதே."

தொடாமல் எப்படி வேலை செய்வது என்று நர்ஸும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. போன மாதமே சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு வந்து பார்த்தவள்தான். வெளி பூட்ஸ் உள்ளே வந்தால் மீன் கெட்டுவிடும் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"இன்னுமா கெளர்ற? மணி அடிக்கப் போறான்டி" என்றாள் தன்குமாரி. மீன் உரிக்கும் மேசையில் சலனியேத்தாவுக்கு அடுத்த இடம் அவளுடையது. வயதில் மூத்தவள். அவளுக்கும் சர்க்கரைதான். அந்த மேசையில் பாதிப் பேருக்கு அதுதான். கை மீனை உரிக்க, வாய் வைத்தியம் சொல்லும். தன்குமாரியிடம் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. நூடுல்ஸ் பாக்கெட்டை விட்டொழி, பழைய டயரில் மண் போட்டு பெலெக் கீரைக் குச்சியை ஊன்று, காசும் மிச்சம் சர்க்கரையும் அடங்கும் என்பாள். கட்டுத்துணி விலைக்கு வாங்காதே, பழைய படுக்கை விரிப்பைக் கொதிக்க வைத்துக் கிழித்துக்கொள் என்பாள்.

"எல்லாம் செஞ்சாச்சுக்கா" என்றாள் சலனியேத்தா. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினாள். கறுப்புத் தண்ணீரோடு ஒரு முள் விழுந்தது. "கீரையும் தின்னாச்சு. டீயில சர்க்கரையையும் விட்டாச்சு. மரவள்ளியைக்கூட பாதியாக் கொறைச்சாச்சு. வீட்டுல நான் பொத்திப் பொத்திக் காப்பாத்துற காலை இவனுங்க இங்க கொல்றானுங்களே!"

விசில் ஊதிக்கொண்டு பெனியோனி வந்தான். அவன் மேற்பார்வையாளன். அவன் காலில் இருந்தது வெள்ளை பூட்ஸ், ஆலை அவனுக்கென்று கொடுத்தது, பெயர் எழுதியது. தினமும் வெயிலில் காய வைத்து, அலமாரியில் பூட்டி வைப்பான்.

"என்ன தீவு நண்டே, பொந்துக்குள்ள கையை விட்டு அண்ணன் தம்பியத் தேடுறியா?"

"ஆமாடா ஆத்துத் தவளை. உன் மூஞ்சிதான் ஆப்பிடுது" என்றாள் சலனியேத்தா.

இன்னும் குவியலருகே நின்றிருந்த பெண்கள் சிரித்தார்கள். சலனியேத்தாவின் தீவும் பெனியோனியின் ஆற்றங்கரை ஊரும் தௌவு முறை. இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே தெய்வம். அதனால் ஒருவரை ஒருவர் எப்படித் திட்டினாலும் கோபப்படக்கூடாது. ஒருவர் பொருளை மற்றவர் எடுத்துக்கொண்டால் திருப்பிக் கேட்கவும் கூடாது. கேட்டவனை ஊரே சிரிக்கும். அவன் டப்பாவிலிருந்து இவள் வறுத்த மீனை எடுத்துத் தின்பதும், இவள் குடையை அவன் கொண்டுபோவதும் வழக்கம்தான்.

"எனக்குக் காய்ஞ்ச பூட்ஸ் ஒண்ணு குடு" என்றாள். இப்போது அவள் சிரிக்கவில்லை.

"நான் என்ன பூட்ஸ் கடையா வச்சிருக்கேன்? இருக்கறதைப் போட்டுக்கிட்டு வா."

"சரி, இருக்கறதையே போட்டுக்கறேன்."

எழுந்து வந்து அவன் மார்பில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். பின்னாலிருந்த மீன் பெட்டிமேல் அவன் பொத்தென்று உட்கார்ந்தான். அவள் குனிந்து அவனுடைய வலது பூட்ஸின் குதிகாலைப் பிடித்து இழுத்தாள். விளையாட்டு என்று நினைத்து அவனும் காலை ஆட்டிச் சிரித்தான். பெண்கள் கை தட்டினார்கள். இடதும் கையோடு வந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, இரண்டுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். உள்ளே வெதுவெதுப்பாக, மாவு போல் உலர்ந்திருந்தது. பையிலிருந்து கிழித்த விரிப்புத் துணியை எடுத்து, தொளதொளப்பு போகும் அளவுக்குக் காலைச் சுற்றிக்கொண்டு பூட்ஸை மாட்டினாள்.

"சலா, போதும் விளையாட்டு. கழட்டு."

"தௌவுகிட்ட திருப்பிக் கேக்கறியா? உங்க அம்மா காதுல விழுந்தா செத்தே போயிடுவா."

மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை.

"நீ போய் அதுல ஒண்ணு எடுத்து மாட்டிக்கோ" என்று அவள் குவியலைக் காட்டினாள். "எங்களுக்கு ஆகறது உனக்கு ஆகாதா?"

பெனியோனி காலுறையோடு குவியலருகே போனான். ஒரு பூட்ஸை எடுத்தான், உள்ளே பார்த்தான், கீழே வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அதையும் வைத்துவிட்டான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாததைச் சலனியேத்தா கவனித்தாள். கிட்டே போனாள்.

"என்னடா?"

"போன மாசம் ரத்தம் பாத்தாங்க" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காமல். "எனக்கும் இருக்கு. ஆபீஸ்ல சொல்லல. சொன்னா மேற்பார்வை வேலைய வேற எவனுக்காவது குடுத்துருவாங்க. சலா, அதுக்குள்ள நான் காலை விடமாட்டேன்."

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கத்தோடு ஆத்திரமும் வந்தது. இவ்வளவு நாளும் காய்ந்த பூட்ஸில் நின்றுகொண்டு, சீக்கிரம் சீக்கிரம் என்று விசில் ஊதியவன்தானே!

"திருப்பித் தருவேன்னு மட்டும் நெனைக்காதே" என்றாள். "வா, போய்க் கேப்போம்."

பெண்களும் பின்னாலேயே வந்தார்கள். மேலாளர் அறைக்கு எதிரே பொருள் கிடங்கு. கதவு கம்பி வலை போட்டது. சத்தம் கேட்டு மேலாளரே வெளியே வந்தார். மேற்பார்வையாளன் காலுறையோடு ஈரத்தில் நிற்பதைப் பார்த்து அவருக்குச் சுருக்கென்றது.

"என்ன கோலம் இது? இன்னைக்கு ஆள் வர்ற நாள்னு தெரியாதா?" மீன் வாங்கும் கம்பெனிக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து ஆலையைப் பார்க்க வருகிறார்கள். அவர் கிடங்குக்காரனைக் கூப்பிட்டு, "இவனுக்கு உள்ள இருந்து ஒரு ஜோடி எடுத்துக் குடு" என்றார்.

கிடங்குக்காரன் வெள்ளை வெளேரென்று ஒரு புது ஜோடியைக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் மடித்த புதுக் காலுறை இருந்தது. பெனியோனி வாங்கிக்கொண்டான். வாங்கிய கையிலிருந்து சலனியேத்தா அதைப் பிடுங்கித் தன்குமாரியிடம் நீட்டினாள்.

"இந்தாக்கா. உன் அளவுதான்."

"ஏய்! அது அவனுக்குக் குடுத்தது" என்று மேலாளர் கத்தினார்.

"அவனுக்குத்தானே குடுத்தீங்க? இப்ப அவன் பொருள். நான் அவனுக்குத் தௌவு. கேளுங்க அவனை, ஆட்சேபணை இருக்கான்னு."

பெனியோனி மேலாளரைப் பார்த்தான், சலனியேத்தாவைப் பார்த்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "ஒண்ணும் சொல்றதுக்கில்ல சார், முறை அப்படி. எனக்கு இன்னொரு ஜோடி குடுங்க" என்றான்.

பெண்கள் கூச்சலிட்டுச் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் இன்னொரு ஜோடி வந்தது. கையில் வாங்கியதும், "தீவு நண்டே, எடுத்துக்கடி!" என்று அவனே சத்தமாகச் சொல்லி நீட்டினான். அதுவும் காலில் துணி கட்டியிருந்த ஒரு பெண்ணிடம் போயிற்று. மூன்றாவதைக் கேட்டபோது மேலாளருக்கு விளங்கிவிட்டது. கிடங்குக் கதவைச் சாத்தச் சொல்லி, அவரே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"மிச்சமெல்லாம் வர்றவங்களுக்கு. மேசை வரிசையில நிக்கறவங்களுக்கு இல்ல."

"அவங்க எவ்வளவு நேரம் உள்ள நிப்பாங்க சார்?" என்று தன்குமாரி மரியாதையாகத்தான் கேட்டாள்.

மேலாளர் பின்கதவுப் பக்கம் கையை நீட்டினார். "குவியல்ல இருந்து எடுத்து மாட்டிக்கிட்டு உள்ள போங்க. போகாதவங்களுக்கு இன்னைக்குச் சம்பளம் கிடையாது. பெனியோனி, நீ விசிலைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

பெனியோனி கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினான். மேலாளரிடம் கொடுக்காமல் சலனியேத்தாவின் கையில் போட்டான்.

"முறைப்படி உன்னுது" என்றான். வீட்டுக்கும் போகவில்லை.

அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓங்கி ஒரு ஊது ஊதினாள். ஏற்கெனவே உள்ளே போய் மேசையருகில் நின்றிருந்தவர்களும் திரும்பி வந்தார்கள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து ஈர பூட்ஸைக் கழற்றினாள்.

"வெறுந்தரையில நிக்கக்கூடாதுடி, புண்ணு வந்துரும்" என்று தன்குமாரி அதட்டினாள். மூலையில் கிடந்த அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக் கிடங்கு வாசலில் விரித்தாள். எல்லாரும் அதன்மேல் ஏறி வரிசையாக நின்றார்கள். உள்ளே ஐஸ் உருகி, மீனிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது. மேலாளர் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். வெளியே ஒரு கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அட்டைமேல் அந்தக் கால்கள் இருந்தன. தண்ணீரில் ஊறி வெளுத்தவை, பெருவிரல் இல்லாதவை, துணி தீர்ந்துபோய் ரொட்டிப் பை சுற்றியவை. கம்பி வலைக்கு அந்தப் பக்கம், வருகிறவர்களுக்காக அளவு வாரியாக அடுக்கிய வெள்ளை பூட்ஸுகள் ஒவ்வொன்றும் உள்ளே மடித்த காலுறையோடு காய்ந்துபோய் நின்றன.