பாதி வீட்டில் பால் காய்ச்சினோம்

ஊரில் எல்லாரும் வீடு வாங்கிவிட்டுப் பால் காய்ச்சுவார்கள். என் வீட்டுக்காரர் வாசு பால் காய்ச்சிவிட்டு வீடு வாங்கக் கிளம்பினார்.

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் இருந்தது வாடகை ஃபிளாட். வீட்டுக்காரம்மா தன் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். வாசுவுக்குப் போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை. அங்கே அவருக்கு முன்பு சூப்பர்வைசராக இருந்த பழனியப்பன், கிள்ளானில் தன் தரைவீட்டை விற்கப் போவதாகக் காதில் விழுந்தது. மனைவி இறந்த பிறகு தனியாக இருக்க முடியாமல் அம்பாங்கில் தம்பி வீட்டோடு போய்விட்டாராம். போய்ப் பார்த்தோம். எனக்குச் சமையலறையைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது, பொய் சொல்வானேன்? ஃபிளாட்டில் நான் அடுப்பின் முன் நின்றால் வேறு யாரும் ஐஸ்பெட்டியைத் திறக்க முடியாது.

முதலில் ஒரு லாயரைப் பார்ப்போம் என்றேன்.

"அவரு தங்கமான மனுஷன் லா. அவர்கிட்ட போயி லாயர் கீயர்னா என்னா நெனைப்பாரு?" என்றார் வாசு.

பழனியப்பன் மனைவி எப்போது தவறினார் என்று கேட்டேன். போன துக்கத்தைக் கிளறக் கூடாது என்று அதற்கும் வாயை அடைத்தார். லாயரைப் பார்க்காதவர் பால் காய்ச்ச நாள் கேட்டுக் கோவிலுக்குப் போய் ஐயரை மட்டும் உடனே பார்த்தார். வைகாசியை விட்டால் ஆனி ஆகாது, ஆடி ஆகாது, ஆவணிக்குத்தான் என்று ஐயர் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், வாசுவுக்குக் காலில் சக்கரம் கட்டியது போல் ஆகிவிட்டது. பழனியப்பனிடம் போய்க் கேட்டதும் அவரும் ஒரு வார்த்தை மறுக்காமல் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பால் பொங்கியது. பட்டுப்புடவையில் அடுப்படியில் நின்று நானும் படம் எடுத்து, 'எங்கள் புது வீடு' என்று ஃபேஸ்புக்கில் போட்டேன். அடுத்த வாரமே சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். ஃபிளாட் சாவியை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் லாயர் செசிலியா. நான் வேலை செய்யும் புடவைக்கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் மேல்மாடியில் அவர் ஆபீஸ். கிராண்ட் என்கிற நிலப்பத்திரத்தைப் பார்த்தீர்களா, நிலம் ஃப்ரீஹோல்டா லீஸ்ஹோல்டா, விற்க முடியாதபடி யாராவது கேவியட் போட்டுத் தடுத்திருக்கிறார்களா என்று வரிசையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் வாசு சொன்ன பதில் ஒன்றுதான்: அவர் நல்ல மனுஷன். ஒரு கட்டத்தில் செசிலியா பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு மானம் போயிற்று.

லேண்ட் ஆபீஸில் தேடிப் பார்த்துவிட்டு அவரே எங்களைக் கூப்பிட்டார். பழனியப்பனையும் வரச் சொல்லியிருந்தார்.

"அங்கிள், வீடு உங்க ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. ஆளுக்குப் பாதி. ஆன்டியோட பாதி இன்னும் அவங்க பேர்லதான் இருக்கு. அத நீங்க விக்க முடியாது."

பழனியப்பன் திருதிருவென்று விழித்தார். பொண்டாட்டி போய்விட்டால் அவள் பங்கு புருஷனுக்குத்தானே, அதற்கு எதற்குப் பேப்பர் என்று கேட்டார். நடிக்கவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். எனக்கு அதுதான் எரிச்சல். ஏமாற்றுக்காரன் என்றால் நாலு வார்த்தை கேட்டுவிடலாம். இந்த மாதிரி அப்பாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

செசிலியா பொறுமையாக விளக்கினார். அந்தம்மா உயில் எழுதவில்லை. அவர் பாதியில் மூன்றில் ஒரு பங்குதான் கணவருக்கு, மீதி இரண்டு பங்கு மகளுக்கு. முதலில் மனு போட வேண்டும், விசாரணை நடக்கும், அதன் பிறகும் மகள் ஒப்புக்கொண்டால்தான் விற்கலாம். மகள் எங்கே என்று கேட்டார்.

மகள் மாதவி வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கிறாள், அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றார் பழனியப்பன்.

"அம்மா தெவசத்துக்கு வருவா. அப்ப நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

தெவசம் எப்போது என்று கேட்டேன். கார்த்திகையில் என்றார். முதல் தெவசமா என்றேன். தலையாட்டினார்.

துக்கம் வருஷம் திரும்பாத வீட்டில் கோலம் போட்டு, தோரணம் கட்டிப் பால் காய்ச்சியிருக்கிறோம். வாசு தலையைக் குனிந்துகொண்டார். ஐயரிடம் நாள் கேட்டவருக்கு அந்த வீட்டுக்காரரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சண்டை. வேறு வீடு பார்ப்போம் என்றேன். பால் காய்ச்சின வீட்டை விட்டுப் போகக் கூடாது என்றார். அவரிடம் எல்லாவற்றுக்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது, சட்டம்தான் ஒன்றும் இல்லை. ஃபிளாட்டும் போயிற்று, இதுவும் நமக்கில்லை, நாம் இங்கே வாடகைக்காரர்கூட இல்லை என்று கத்தினேன். மகள் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மகளிடம் பேசப் பழனியப்பனுக்குத் தைரியம் வரவில்லை. நான் பேசினால் கேட்பாள் என்று என் தலையில் கட்டினார். எதுவானாலும் தன் மூலமாகப் போகட்டும் என்று செசிலியா தடுத்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நம்பரை வாங்கி, பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு கூப்பிட்டேன். உன் அப்பாவால் இங்கே தனியாக இருக்க முடியாது, நாங்களும் நடுத்தெருவில் நிற்கிறோம், பூட்டிப் போட்டால் வீடு பாழாகும், எல்லாமே நியாயந்தானே?

நான் யாரென்று சொன்னதும் மாதவி என்னைத் தெரியும் என்றாள். சொந்தக்காரர் யாரோ என் படத்தை அவளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

"அந்த கிச்சன் டைல்ஸ் எங்கம்மா கடை கடையா ஏறி எறங்கி வாங்குனது ஆன்டி. அங்க நின்னு நீங்க சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க. அப்பா வீட்ட குடுத்துட்டாருன்னே அந்தப் படத்தப் பார்த்துத்தான் எனக்குத் தெரிஞ்சிச்சு."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், சண்டையில் நான் யாருக்கும் சளைத்தவள் இல்லை. அடுக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டேன். கையெழுத்துப் போடுவாளா, எப்போது போடுவாள், எப்படிப் போட வைப்பது என்றுதான் நாங்கள் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பெண்ணின் மனதை யாரும் கேட்கவில்லை.

"வீட்ட குடுக்க ஒனக்குச் சம்மதமாம்மா?"

அழுகிறாள் என்று தெரிந்தது.

"இல்ல ஆன்டி. சாரி."

என்னிடம் போய் அவள் சாரி கேட்கிறாள். பரவாயில்லை அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

வாசு வாசல்படியிலேயே நின்றிருந்தார். என்ன சொன்னாள், போடுகிறாளா என்று கேட்டார். சாமான் ஏற்ற லோரிக்குச் சொல்லுங்கள் என்றேன். எங்கே போவது என்றார். எனக்கென்ன தெரியும்? யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும் போல் இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன், அதற்கும் மனசு வரவில்லை.