மாப்பிள்ளைக் காரும் நெருப்புப்பெட்டி மட்டையும்

திருகோணமலை மாவட்டத்தில் இக்னிஷன் டைமிங் என்றால் என்னவென்று விளங்கிய மனிதன் ஒருவன்தான் இருந்தான். அவன் கிண்ணியா றுவைஸ். மற்றவர்கள் கார் ஓட்டினார்கள், அவ்வளவுதான். இந்தத் தகவலை வெளியிட்டவனும் றுவைஸ்தான் என்பதால் அதில் பிழை இருக்க வாய்ப்பில்லை.

அவனுடைய மச்சான் சஜீத்துக்குக் கல்யாணம். பெண் வீடு கிண்ணியாப் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருகோணமலை டவுணில், உட்துறைமுக வீதியில். மௌத்தாகி மறைந்துவிட்ட வாப்பாவின் பழைய காரில்தான் அந்த வாசலில் போய் இறங்குவேன் என்று சஜீத் ஒற்றைக்காலில் நின்றான்.

காரோ, ஓடவிட்டால் குதிரை, நிற்கவிட்டால் காய்ச்சல்காரன். உதறும், இருமும், அணைந்துவிடும். வேறு பயணமென்றால் பெரிய குறையில்லை. ஆனால் மாப்பிள்ளை ஊர்வலத்தில் களிகம்புக்காரர்கள் முன்னால் கம்படித்து ஆட, கார் பின்னால் ஊர வேண்டும். அவர்கள் நின்றால் நிற்க வேண்டும்.

"நடுறோட்டில கார் நிண்டா என்ட கத முடிஞ்சிது மச்சான்," என்றான் சஜீத். "பொண் வீட்டார்ட புதுக் கார் பின்னாலயே வரும். அதில ஏத்திருவாங்க."

அதுவரை அந்தக் காரைப் பார்த்து வந்தவர் சஜீத்தின் சாச்சா, றுவைஸுக்கு மாமா, தாஹிர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் உள்ளே பொயின்ட் என்று இரண்டு சிறு உலோக உதடுகள் இருக்கும். அவை விரியும்போதுதான் எஞ்சினை ஓட்டும் பொறி பறக்கும். எவ்வளவு விரிய வேண்டுமென்பதைத் தாஹிர் மாமா நெருப்புப்பெட்டி மட்டையைக் கிழித்துச் செருகி அளப்பார். மட்டை லேசாக உரசி வந்தால் சரி.

"மட்டையால அளந்தா கார் பத்தாது மாமா, அடுப்புத்தான் பத்தும்," என்றான் றுவைஸ். "றொக்கட்டுக்கும் நெருப்பெட்டியாலயா அளக்கிறாங்க?"

"நாம றொக்கட்டுல கல்யாணத்துக்குப் போகல்லயே மகன்."

றுவைஸ் தன் வெல்வெட் பெட்டியைத் திறந்து, இடைவெளி அளக்கும் எஃகுத் தகடுகளை எடுத்தான். அளந்தான். அளந்ததை வேலியோரம் நின்ற அயலவருக்கு விளக்கினான். பொயின்ட் ஸ்குறூவை இறுக்கும்போது விளக்கம் உச்சத்தில் இருந்ததால், கடைசி அரைச் சுற்று பேச்சோடு போய்விட்டது. பிறகு டைமிங் லைட்டை அடித்து, பொறி சரியான நேரத்தில் பறக்கும்படி குறியைக் கோட்டுக்கு நேரே கொண்டுவந்தான். கார் பால் குடித்த பூனை போல முனகியது. தாஹிர் மாமா நெருப்புப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டார்.

கல்யாணத்தன்று கார் கிண்ணியாப் பாலத்தைப் பறந்து கடந்தது. டவுணில் ஊர்வலம் தொடங்கிச் சற்றுத் தூரம் போனதும் உதறல் எடுத்தது. மாப்பிள்ளையின் தலைப்பாகை உதறியது. பொனட்டில் கட்டிய மல்லிகை பொலபொலவென்று உதிர்ந்தது. டவுண் தெருக்களில் மாடுபோலத் திரியும் மான்களில் ஒன்று அதைத் தின்ன வந்தது. ஒரு இருமல். கார் நின்றது.

"பெற்றோல்ல தண்ணி!" என்றது ஒரு குரல்.

"மாப்பிள்ளய இறங்கித் தள்ளச் சொல்லுங்க!" என்றது இன்னொன்று.

பெண்ணின் தம்பி அஸ்ஹான் ஓடிவந்தான். "மச்சான், ஏசி போட்டு வெச்சிரிக்கேன். வாங்க."

சஜீத் அசையவில்லை. ஸ்டியரிங்கில் இருந்த றுவைஸை மட்டும் பார்த்தான். "வாப்பாட கார், றுவைஸ்."

றுவைஸ் பொனட்டைத் திறந்து மூடியைக் கழற்றினான். ஸ்குறூ நெகிழ்ந்திருந்தது. உதடுகள் இரண்டும் பிணக்கில்லாத புதுத் தம்பதிபோல ஒட்டிக் கிடந்தன. ஸ்குறூ ட்றைவர் காரில் இருந்தது. எஃகுத் தகடுகள் கிண்ணியாவில், மேசைமேல், வெல்வெட்டுக்குள் இருந்தன.

முன்னாலிருந்து கம்போடு தாஹிர் மாமா கூவினார். "என்னவாம் மகன்?"

"எலெக்ட்ரோனிக் பிரச்சின மாமா!"

அந்தக் காரில் எலெக்ட்ரோனிக் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ரேடியோகூட இல்லை.

"நெருப்பெட்டி தரட்டா?"

"வேணாம்! நீங்க ஆடுங்க!"

கியரைப் போட்டு, காரை ஒரு சாண் தள்ளச் சொன்னான். உதடுகள் விரியும் இடம் வந்ததும், "போதும்" என்றான். கூட்டத்துக்கு முதுகு காட்டிக் குனிந்து, சட்டைப்பையிலிருந்த கல்யாண அழைப்பிதழை எடுத்தான். நல்ல தடித்த அட்டை. மாப்பிள்ளை பெயருக்கும் பெண்ணின் பெயருக்கும் சேதமில்லாமல் ஓரத்தில் ஒரு துண்டு கிழித்து, இடையில் செருகினான். லேசாக உரசி வந்தது. இம்முறை வாயே திறக்காமல் ஸ்குறூவை இறுக்கி, துண்டை உருவிக்கொண்டு மூடியை மாட்டினான்.

சாவியைத் திருப்பியதும் கார் பிடித்தது. நின்ற இடத்தில் நின்றபடியே, இருமாமல் ஓடியது. தலைப்பாகை அடங்கியது. அஸ்ஹான் ஏசியை நிறுத்தப் போனான்.

பெண் வீட்டு வாசலில் சஜீத் வாப்பாவின் காரிலிருந்து இறங்கினான். தாஹிர் மாமா வியர்வையைத் துடைத்தபடி வந்தார். "கடைசில என்ன பிழை மகன்?"

"டைமிங்."

அவர் உள்ளே போகும்வரை றுவைஸ் காத்திருந்து, கைக்குள் மூடியிருந்த அட்டைத் துண்டை எறியப் போனான். எறியவில்லை. விரலால் நீவி நேராக்கி, காரின் டாஷ்போர்ட் அறைக்குள், ஸ்குறூ ட்றைவருக்குப் பக்கத்தில் வைத்தான்.